பதினோரு மாதம்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.
அதற்குள் மூன்றையும் எழுதினேன்:
தத்துவம் அரசியல் பொருளாதாரம்.
இடம் போதாமல்
‘தாரம்’ மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றது.

மூணு படிப்பு, ஒரே ஃபீஸா
என்று கேட்டாள் ரூபாவதி.
ஆமாம் என்றதும்
‘லாபம்தான்’ என்று
பீரோவின் மேல்தட்டிலிருந்து எண்ணிக் கொடுத்தாள்.
எங்கள் வீட்டில் முதல் பொருளாதார வகுப்பு
இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

அக்காவுக்கு விடியற்காலை நாலேகாலுக்கு வேன்.
ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில்
கார்க் கதவுக்குள் யார் கண்ணிலும் படாமல் ஓடும்
ஒயர்களைக் கட்டுகிறாள்,
நிமிடத்துக்கு இத்தனை முடிச்சு என்று.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்து
சரக்கு ரயில் முடியாமல் போய்க்கொண்டிருந்தால்
அன்றைக்கு அரைநாள் சம்பளம் போச்சு.
எனக்கு ஏழு ஐம்பது ரயில்.
அவள் எழுந்துபோன பாயில்
அவள் சூடு ஆறுவதற்குள் புரண்டு படுத்து
சுதந்திரம் என்றால் என்ன என்று
செல்போன் வெளிச்சத்தில் படிப்பேன்.

வகுப்பில் முப்பத்தொரு பேர்.
பெசன்ட் நகர் ஆதிரன் அழகாகப் பேசுவான்.
‘ஏழைகள்’ என்று அவன் சொல்லும்போது
ஏதோ தூரதேசத்து மனிதர்களாகத் தோன்றும்,
எனக்கும்கூட.
ஒருநாள் இக்னேஷியஸ் சார் சொன்னார்:
எங்கே பிறக்கப்போகிறோம் என்று
யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இப்போது சட்டம் எழுதுங்கள்.
எல்லாரும் கண்ணை மூடினார்கள்.
மூடித்தான் பார்த்தேன்.
கேட் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, கரண்ட் இல்லை.
விரல் கணுக்களில் தைலம் தேய்த்தபடி
என்னடி படிக்கிற என்றாள்.
ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னேன்:
ஒரு காலத்தில் மனிதர்கள் எல்லாரும் கூடி
ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்,
அதிலிருந்து வந்ததுதான் அரசாங்கம்.

‘எத்தனை மாசத்துக்கு?’

எனக்குப் புரியவில்லை.

‘ஒப்பந்தம் எத்தனை மாசத்துக்குன்னு கேக்கறேன்.
எங்களுக்குப் பதினொண்ணு.
பன்னெண்டாவது மாசம் வூட்ல உக்காரணும்.
அப்பால புது ஆளு மாதிரி போய் நிக்கணும்.
பழைய நம்பர் பூடும்.’

இது அப்படி இல்லக்கா, இது சும்மா கற்பனை.
நிஜமா யாரும் கையெழுத்துப் போடல.

‘போடாமலேயேவா?’
தைலக் கையோடு சிரித்தாள்.
‘எங்க மேஸ்திரி பரவால்ல.
வெத்துப் பேப்பர்லயாச்சும் வாங்கிக்கிறாரு.’

தேர்வில் அதே கேள்வி வந்தது.
சமூக ஒப்பந்தத்தின் குறைகளை விவாதி,
பதினைந்து மதிப்பெண்.
புத்தகத்தில் இருந்த மூன்று குறைகளையும்
இருந்த வரிசையிலேயே எழுதினேன்.
மணி அடிக்க ஆறு நிமிடம் இருக்க
நான்காவதாக ஒன்று:
ஒப்பந்தம் முடிகிற மாதத்தில்
மனிதர் எங்கே இருப்பார் என்று
இந்தக் கோட்பாடு சொல்வதில்லை.
சொன்னவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி.
குறிப்பிட்டேன்:
ரூபாவதி, கொருக்குப்பேட்டை,
பணியாளர் எண் மாறுதலுக்கு உட்பட்டது.

ஒன்பது மதிப்பெண் வந்தது.
நான்காவதன் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரே சொல்:
‘ஆதாரம்?’

விடைத்தாளை அவளிடம் காட்டவில்லை.
அடுத்த பருவத்து ஃபீஸ் இருபதாம் தேதிக்குள் கட்ட வேண்டும்,
அதையும் சொல்லவில்லை.
இது அவளுக்குப் பன்னிரண்டாவது மாதம்.

நாலேகாலுக்கு வேன் ஹாரன் அடிக்கிறது,
வேறு யாருக்கோ.
கேட்டில் நின்று, உறுமி, பிறகு போகிறது.
அவள் விழித்திருக்கிறாள் என்பது
மூச்சிலேயே தெரிகிறது.
நான் விழித்திருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.
பாய் இன்றைக்கு இரண்டு பக்கமும் சூடு.